ஜோடிக் குமித்தே: தூரம், நேரம், திருப்பி அடிப்பது (புதிதாகத் தொடங்குபவர்களுக்கு)

கராத்தே வகுப்பில் சேர்ந்து சில மாதங்கள் காற்றில் குத்தி, காற்றில் உதைத்துப் பழகிய பிறகு ஒரு நாள் மாஸ்டர் "எல்லாரும் ஜோடியா நில்லுங்க" என்பார். இருவர் எதிரெதிரே நின்று பழகும் இந்தப் பயிற்சிதான் குமித்தே. அதுவரை சரியாக வந்துகொண்டிருந்த எல்லாமே அன்று குழம்பிப்போகும். தடுப்பு தெரியும், குத்து தெரியும். ஆனால் எதிரில் ஒருவர் நின்றதும் கை முன்கூட்டியே எழுந்துவிடும், கால் தேவைக்கு மேல் பின்னால் ஓடும், திருப்பி விட்ட குத்து அவர் உடம்புக்கு ஒரு சாண் முன்பே நின்றுவிடும். கைக்கு எதுவும் மறந்துவிடவில்லை. தூரமும் நேரமும் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். அவற்றைக் காற்றில் பழக வழியே இல்லை.

இந்தக் கட்டுரை வெள்ளை, மஞ்சள் பெல்ட்டில் இருப்பவர்களுக்கானது. ஷோட்டோகான் முறையை வைத்து எழுதுகிறேன். கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ பழகுபவர்களுக்குப் பயிற்சிகளின் பெயர்களும் வரிசையும் மாறலாம். தூரமும் நேரமும் வேலை செய்யும் விதம் மாறாது. நான் சொல்வதற்கும் உங்கள் மாஸ்டர் சொல்வதற்கும் எங்காவது ஒத்துவரவில்லை என்றால், வகுப்பில் அவர் சொல்வதையே செய்யுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜோடிப் பயிற்சியில் எல்லோரும் தடுப்பவரைத்தான் கவனிப்பார்கள். ஆனால் பயிற்சி உருப்படுமா, வீணாகுமா என்பது தாக்குபவர் கையில் இருக்கிறது. அவர் குத்து உண்மையாக வந்தால்தான் தடுப்பவர் தூரத்தைக் கற்பார், நேரத்தைக் கற்பார். படாத இடத்தில் போய் நிற்கும் குத்தை ஆயிரம் முறை தடுத்தாலும் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

படிகள்

ஷோட்டோகானில் ஜோடிப் பயிற்சி படிப்படியாகத்தான் ஏறும். முதலில் கோஹோன் குமித்தே. தாக்குபவர் ஐந்து அடி முன்னேறி ஐந்து குத்து விடுவார், தடுப்பவர் ஐந்து அடி பின்வாங்கித் தடுத்து, ஐந்தாவதில் மட்டும் க்யாக்குசூக்கியால் (பின்கையால் விடும் குத்து) திருப்பி அடிப்பார். சான்போன் குமித்தேயும் இதே மாதிரிதான், எண்ணிக்கை மூன்று. அடுத்தது கிஹோன் இப்போன் குமித்தே: ஒரே தாக்குதல், ஒரே பதில். எங்கே அடிக்கப்போகிறார் என்பதைத் தாக்குபவர் முன்பே உரக்கச் சொல்லிவிடுவார். அதற்கு மேலே ஜியூ இப்போன் குமித்தே. இதிலும் தாக்குதலை அறிவிக்க வேண்டும், ஆனால் இருவரும் கமாயேயில் (சண்டைக்குத் தயாரான நிலை) நகர்ந்துகொண்டே இருப்பார்கள், எப்போது பாய்வது என்பது தாக்குபவர் விருப்பம். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் எதையும் அறிவிக்காத ஜியூ குமித்தே.

ஒவ்வொரு படியிலும் உங்களிடமிருந்து ஒரு தகவல் பறிக்கப்படுகிறது. கோஹோனில் எங்கே, எப்படி, எப்போது மூன்றும் தெரியும். ஜியூ இப்போனில் 'எப்போது' போய்விடுகிறது. ஜியூ குமித்தேயில் மூன்றுமே இல்லை. இது புரியாமல் 'அஞ்சு ஸ்டெப் போறதெல்லாம் சின்னப் பசங்களுக்கு' என்று தாண்டிப்போகிறவர்கள் பின்னால் கஷ்டப்படுவதைப் பார்க்கிறேன். அறிவித்துவிட்டு வரும் குத்துக்கே கால் சரியாக நகரவில்லை என்றால், சொல்லாமல் வரும் குத்துக்கு எப்படி நகரும்?

இந்தப் படிகள் கராத்தே பிறந்த ஒக்கினாவாவிலிருந்து அப்படியே வந்தவையும் அல்ல. அங்கே பயிற்சியின் மையமாக இருந்தது கதா, அதாவது தனியாகச் செய்யும் அசைவு வரிசை. ஷோட்டோகானின் நிறுவனர் கிச்சின் ஃபுனகோஷி 1922-ல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டினார். அதன் பிறகு ஜப்பானியப் பல்கலைக்கழக மாணவர்களிடையே கலை பரவியபோதுதான் ஜோடிப் பயிற்சிகள் இப்படி ஒழுங்குபட்டு வளர்ந்தன. ஃபுனகோஷியிடம் பழகிய ஹிரோனோரி ஓட்சுகா ஏற்கெனவே ஜுஜுட்சு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையில் தேர்ந்தவர். பின்னால் வாடோ ரியூ என்ற தனி முறையை உருவாக்கினார். தடுப்பதைவிட விலகி, வழுக்கவிட்டு, உள்ளே நுழைவதில் அவர் முறைக்கு அழுத்தம் அதிகம். தூரத்தைப் பற்றி நாம் பயன்படுத்தும் சொற்களில் பல ஜப்பானிய வாள்பயிற்சியிலிருந்து வந்தவை. வாள் முன்னால் நிற்கிறவருக்குத் தூரம்தான் உயிர்.

தூரத்தை அளப்பது

இரண்டு பேருக்கு இடையே உள்ள இடைவெளியை மாஆய் என்கிறோம். அதில் மூன்று நிலைகளை அறிந்தால் போதும். ஒரு முழு அடி எடுத்துவைத்தாலும் எட்டாத தூரம் தோமா. சரியாக ஒரு அடி எடுத்துவைத்தால் எட்டுவது இஸ்ஸோகு இத்தோ நோ மா. நின்ற இடத்திலிருந்தே எட்டுவது சிகாமா. கிஹோன் இப்போன் நடப்பது இரண்டாவதில். ஒரே அடியில் தாக்கலாம், ஒரே அடியில் தப்பிக்கலாம். ஆபத்தும் வாய்ப்பும் சரிக்குச் சரியாக இருக்கும் இடம் அது.

இந்தத் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட முயல வேண்டாம், உடம்பால் அளந்து பாருங்கள். தடுப்பவர் யோய் (தயார்) நிலையில் அசையாமல் நிற்கட்டும். தாக்குபவர் ஜென்குத்சு தாச்சியில் (முன்முழங்கால் வளைந்த நீண்ட நிலை) நின்று ச்சூடான் ஓய்சூக்கியை (அடி எடுத்துவைத்து வயிற்றுக்கு விடும் குத்து) மிக மெதுவாக விட வேண்டும். முன்கால் ஊன்றி, முழங்கால் வளைந்து, இடுப்பு நேரானதும், முட்டி (மடக்கிய கை) பார்ட்னரின் சட்டையைத் தொட்டு லேசாக அழுத்த வேண்டும். தோளை நீட்டியோ முதுகைச் சாய்த்தோ தொட்டால் கணக்கில் சேராது. எட்டவில்லை என்றால் முழு நிலையோடு இன்னும் கொஞ்சம் நெருங்கி மறுபடி அளக்கவும். எட்டிவிட்டது என்றால் அப்படியே ஒரு அடி பின்னால் வந்து நிற்கவும். உங்கள் இருவருக்குமான தூரம் அதுதான். பார்ட்னர் மாறினால் அளவும் மாறும். உயரமானவருக்கு எட்டுகிற இடத்திலிருந்து குள்ளமானவருக்கு எட்டாது. ஒரே இடைவெளி இருவருக்கும் ஒரே தூரம் ஆகிவிடாது என்பதை இங்கேயே கவனித்து வையுங்கள். பிறகு ஜியூ குமித்தேயில் மிகவும் உதவும்.

அடுத்து ஒரு பெல்ட் பயிற்சி. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். புதியவர்களுக்கு இதைவிட வேகமாகத் தூரத்தைக் கற்றுத்தரும் பயிற்சி வேறு தெரியவில்லை. ஒரு பெல்ட்டை அவிழ்த்து, ஆளுக்கு ஒரு முனையாக முன்னால் இருக்கும் கையில் பிடித்துக்கொண்டு கமாயேயில் நில்லுங்கள். பெல்ட் நடுவில் கொஞ்சம் தொய்ந்திருக்க வேண்டும். ஒருவர் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர, மற்றவர் அந்தத் தொய்வு மாறாதபடி கூடவே நகர வேண்டும். பெல்ட் விறைத்தால் தாமதமாகிவிட்டீர்கள், தரையைத் தொட்டால் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். குத்தும் உதையும் கிடையாது. ஒரு நிமிடம் ஒருவர் வழிநடத்த, அடுத்த நிமிடம் மற்றவர். கொஞ்ச நேரத்திலேயே கண் பெல்ட்டைப் பார்ப்பதை விட்டுவிடும், கால் தானாகப் பதில் சொல்லத் தொடங்கும். அந்த நிலை வந்ததும் பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு அதையே தொடருங்கள்.

தாக்குபவரின் வேலை

வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

"தம்பி, உன் குத்து என் மூஞ்சிக்கே வரலையே. நான் தடுக்காம சும்மா நின்னாக்கூட படாது போலிருக்கே."

"அடி பட்டுடுமோன்னு பயமா இருக்குண்ணா."

"பயப்படாத. தடுக்குறது என் வேலை, நேரா வர்றது உன் வேலை. மெதுவா வா, ஆனா நேரா வா."

அந்தத் தம்பியின் பயம் நல்ல மனதிலிருந்து வருகிறது. ஆனாலும் அது பார்ட்னருக்கு உதவாது. புதியவர்கள் மூன்று விதமாகக் குத்தை வீணாக்குவார்கள். ஒன்று, முகத்துக்கு அரை அடி முன்பே நிறுத்துவது. இரண்டு, காதுக்குப் பக்கத்தில் காலியிடத்தைக் குறிவைப்பது. மூன்று, தடுப்பு எங்கே வரும் என்று தெரிந்து அந்தக் கைக்கே குத்துவது. மூன்றிலும் தடுப்பவர் தப்பான பாடம் கற்கிறார். நகராமலேயே தப்பிக்கலாம் என்று அவர் உடம்பு நம்பிவிடும்.

வேகத்தைக் குறையுங்கள், குறியை மாற்றாதீர்கள். பாதி வேகத்தில் வந்தாலும் குத்து மேலுதட்டுக்கோ வயிற்றின் நடுக்குழிக்கோ நேராக வரட்டும். கை தனியாக முன்னே ஓடாமல், கால் ஊன்றுவதும் முட்டி போய்ச் சேர்வதும் ஒரே கணத்தில் நடக்கட்டும். தடுப்பவர் நகரத் தவறினால் நிறுத்தும் அளவுக்குக் கட்டுப்பாடு இருக்கும் வேகமே உங்களுக்கான வேகம். அந்த வேகம் இன்று எவ்வளவு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

அறிவிப்பதும் தாக்குதலில் சேர்ந்ததுதான். "ஜோடான்!" (முகத்துக்கு) என்று பார்ட்னர் காதில் விழும்படி சொல்லுங்கள். சொன்ன உடனே பாயாமல் ஒரு மூச்சு நில்லுங்கள். அந்த இடைவெளியில் தடுப்பவர் மனம் ஓடத் தொடங்கும், எப்போது வருவாரோ என்று. நேரத்தைப் பற்றிய பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு ஜோடான் குத்து, மெதுவாக

கிஹோன் இப்போனில் முதலில் வரும் தாக்குதலையே எடுத்துக்கொள்வோம். இருவரும் வணங்கி எழுகிறீர்கள். தாக்குபவர் வலது காலைப் பின்னால் வைத்து, இடது கையால் கெடான் பராய் (கீழ்த்தடுப்பு) செய்து ஜென்குத்சு தாச்சியில் அமர்கிறார். நீங்கள் யோய் நிலையில், முழங்கால்களை இறுக்காமல் நிற்கிறீர்கள். அவர் அறிவித்துவிட்டார்.

அவருடைய வலது பாதம் தரையைவிட்டு முன்னால் வருகிறது. இப்போதே நகரக் கூடாது. இப்போது நகர்ந்தால் உங்களைப் பார்த்துக்கொண்டே அவர் குறியை மாற்றிவிடலாம். அவருடைய கால் உங்களை நோக்கிப் பாதி வழி கடந்து, இடுப்பு தள்ளத் தொடங்கி, இனித் திரும்ப முடியாது என்ற கட்டம் வரும். அப்போது உங்கள் வலது கால் நேர் பின்னால் போகட்டும். இடது கால் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். முன்முழங்கால் வளைந்து எடையில் பாதிக்குமேல் அதன்மீது இறங்கட்டும். பின்னால் போகும்போதே இடது முன்கை கீழிருந்து மேலே எழுந்து அகே உகே (மேல்தடுப்பு) ஆகிறது. முடிவில் அந்த முன்கை உங்கள் நெற்றியிலிருந்து ஒரு முட்டி தள்ளி நிற்கும். வலது கை இடுப்பில் ஹிக்கித்தேயில் (பின்னிழுத்த நிலை) இருக்கும். இடுப்பு பக்கவாட்டில் பாதி திரும்பியிருக்கும்.

பின்கால் ஊன்றுவதும் தடுப்பு முடிவதும் ஒன்றாக நடக்க வேண்டும். காலை வைத்துவிட்டுக் கையைத் தூக்குவது, கையைத் தூக்கிவிட்டுக் காலை நகர்த்துவது, இரண்டுமே தாமதம்தான். சரியாக வந்திருந்தால் குத்து உங்கள் தலைக்கு மேலே சறுக்கிப் போகும், மணிக்கட்டில் பெரிய மோதல் இருக்காது. கை வலித்துச் சிவக்கிறது என்றால் வலிமையால் தடுக்கிறீர்கள், நேரத்தால் தடுக்கவில்லை என்று அர்த்தம்.

இனி பதில். பாதி திரும்பிய இடுப்பு இப்போது இழுத்துவைத்த வில் போல இருக்கிறது. பின்குதிகாலால் தரையைத் தள்ளி, இடுப்பை நேராகத் திருப்பி, வலது க்யாக்குசூக்கியை அவர் வயிற்றுக்கு விடுங்கள். இடது கை அதே நேரத்தில் இடுப்புக்கு வந்துவிடும். கியாய் (உரத்த முழக்கம்) இங்கே. தடுப்புக்கும் குத்துக்கும் நடுவில் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணும் அளவுக்கு இடைவெளி இருக்கக் கூடாது. பலர் தடுப்பை முடித்துவிட்டு, அது அழகாக வந்ததா என்று ஒரு கணம் பார்க்கிறார்கள். அந்தக் கணத்தில் தாக்குபவரின் இரண்டாவது கை வந்துவிடும்.

குத்து நின்றதும் உடனே தளர்ந்து கையைத் தொங்கப்போடாதீர்கள். பார்வை அவர்மேலேயே இருக்கட்டும், கால் ஊன்றியபடி இருக்கட்டும். அவர் பின்வாங்கி நின்ற பிறகு நீங்களும் யோய்க்குத் திரும்புங்கள். விழிப்போடு நிற்கும் இந்த நிலைக்கு ஸான்ஷின் என்று பெயர். கிரேடிங்கில் (பெல்ட் தேர்வு) மாஸ்டர்கள் இதைத் தனியாகக் கவனிப்பார்கள், கவனிக்கவும் வேண்டும்.

எட்டவில்லையா?

திருப்பி விட்ட குத்து எட்டாமல் போவதுதான் புதியவர்களின் முக்கியமான குறை. காரணம் கையில் இருக்காது, பின்னால் போன அடியில் இருக்கும். அச்சத்தில் முன்கால் சேர்ந்து பின்னால் நகர்ந்திருக்கும், அல்லது உடல் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அப்புறம் எட்டுவதற்காகத் தோளை நீட்டுவார்கள், பின்குதிகால் எழும்பும், தலை முன்னால் போகும். அந்தக் குத்தில் எடை இருக்காது. முன்னே நீட்டிய முகம் அடிவாங்கத் தயாராக இருக்கும்.

சரிசெய்ய ஒரு வழி: முன்காலின் பெருவிரலுக்கு நேராகத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தடுத்த பிறகும் அந்த விரல் கோட்டிலேயே இருக்கிறதா என்று பார்ட்னர் பார்த்துச் சொல்லட்டும். கோட்டில் இருந்தும் எட்டவில்லை என்றால், குத்தும்போதே பின்காலால் தள்ளி இரண்டு பாதங்களையும் சேர்த்து அரை அடி முன்னால் வழுக்குங்கள். இதற்கு யோரி அஷி என்று பெயர். கையை நீட்டி எட்டுவது பழக்கமாகிவிட்டால் விடுவது கடினம், அதனால் ஆரம்பத்திலேயே காலால் எட்டப் பழகுங்கள்.

நேரம்

கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடல் அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். முட்டி கிளம்பியதைப் பார்த்து நகர நினைத்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். முட்டியைப் பார்க்காதீர்கள். பார்ட்னரின் கழுத்துக்குக் கீழே, மார்பின் மேல்பகுதியில் பார்வையை மென்மையாக வையுங்கள், தொலைவில் உள்ள மலையைப் பார்ப்பதுபோல் பார்க்கச் சொல்வார்கள் ஜப்பானியர்கள். அப்போது தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் ஒரே பார்வைக்குள் வரும்.

தாக்குதலுக்கு முன் உடம்பு தகவல் சொல்லிவிடும். தோள் ஒரு நூல் மேலே எழும். மூச்சை இழுப்பார். பின்குதிகால் அழுந்தும் அல்லது தூக்கும். சிலர் குத்துவதற்கு முன் கையைக் கொஞ்சம் பின்னால் இழுப்பார்கள், சிலருக்குக் கண் அகலும். இதைப் பழக ஒரு எளிய வழி உண்டு. தடுப்பவர் தடுக்க வேண்டாம், பின்வாங்கவும் வேண்டாம். தூரத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்து, தாக்குபவர் கிளம்பும் முதல் அசைவைப் பார்த்ததும் கையைத் தட்டினால் போதும். தாக்குபவர் சில நேரம் நீண்ட நேரம் காத்திருக்கட்டும், சில நேரம் உடனே கிளம்பட்டும், சில நேரம் கிளம்பாமலேயே இருக்கட்டும். தவறாகத் தட்டினால் நீங்கள் ஊகிக்கிறீர்கள், பார்க்கவில்லை.

எப்போது பதில் சொல்வது என்பதற்கு மூன்று வாய்ப்புகள் உண்டு. தாக்குதல் வந்து முடியும் தறுவாயில் தடுத்துத் திருப்பி அடிப்பது கோ நோ சென். தாக்குதல் கிளம்பும் அதே நேரத்தில் நீங்களும் நுழைவது சென் நோ சென். அவர் மனதில் முடிவு உறுதியாகி, உடம்பு அசையுமுன் நீங்கள் போய்விடுவது சென்சென் நோ சென். இந்தப் பெயர்களைப் பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள், பெயரைப் பற்றி வாதாட வேண்டாம். முதல் ஒரு வருடத்துக்கு உங்கள் வேலை கோ நோ சென் மட்டும்தான். பொறுமையாக, கடைசிக் கணம் வரை நின்று நகரும் துணிச்சல் அதில்தான் வருகிறது. அது இல்லாமல் சென் நோ செனுக்குப் போனால் முட்டியும் முகமும் மோதும்.

'கராத்தேயில் முதல் தாக்குதல் இல்லை' என்பது ஃபுனகோஷியின் புகழ்பெற்ற வாக்கு. காமகுராவில் எங்காகுஜி கோயிலில் உள்ள அவர் நினைவுக் கல்லிலும் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. அப்படியென்றால் முந்தி நுழைவது எப்படிச் சரியாகும் என்று மாணவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. என் புரிதல் இதுதான்: எதிரில் இருப்பவர் தாக்க முடிவெடுத்துவிட்ட கணத்திலேயே முதல் தாக்குதல் நடந்துவிட்டது. முட்டி வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும் என்று அந்த வாக்கு கேட்கவில்லை. சண்டையைத் தொடங்கும் மனம் உங்களுடையதாக இருக்கக் கூடாது என்கிறது.

தாமதமாக நகரப் பழகுவதற்கு இதோ ஒரு படிநிலை. தாக்குபவர் கால்வாசி வேகத்தில் ச்சூடான் ஓய்சூக்கி விடட்டும். முதல் ஐந்து முறை அவர் கால் ஊன்றும்போது தடுங்கள். அடுத்த ஐந்து முறை முட்டி சட்டைக்கு ஒரு சாண் இருக்கும்போது. பிறகு நாலு விரல் இருக்கும்போது. உடல் பதறாமல் எவ்வளவு தாமதிக்க முடிகிறதோ அதுதான் இன்றைய எல்லை. அப்புறம் தாக்குபவர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம். இருவரும் ஒரே நாளில் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், அப்படிச் செய்தால் பயிற்சி போட்டியாகிவிடும்.

நேர்கோட்டை விட்டு விலகுதல்

நேர் பின்னால் போவது நன்றாக வந்த பிறகு பக்கவாட்டுக்கு வாருங்கள். தாக்குபவர் வலது கையால் குத்தினால், உங்கள் இடதுபுறமாகச் சாய்கோணத்தில் விலகுவது அவர் கைக்கு வெளிப்புறம் போவது. அங்கே அவருடைய இடது கைக்கு நீங்கள் தூரமாகிவிடுகிறீர்கள், அவர் விலாவோ உங்களுக்குத் திறந்து கிடக்கும். உங்கள் வலதுபுறம் விலகினால் அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் நிற்பீர்கள். அங்கே பதில் அடி இன்னும் வேகமாக வர வேண்டும்.

விலகும்போது தடுக்கும் கையைச் சும்மா வைத்துக்கொண்டு கால் மட்டும் நகர்த்திப் பழகுங்கள். குத்து தோளை ஒட்டிக் காற்றில் போக வேண்டும். கால் மட்டுமே காப்பாற்றும் என்ற நம்பிக்கை வந்த பிறகு சோட்டோ உகேயைச் (வெளியிலிருந்து உள்ளே வரும் தடுப்பு) சேர்த்துக்கொள்ளலாம். அப்போது தடுப்பு ஒரு துணையாகிறது, உயிர் காக்கும் ஒரே வழியாக இருப்பதில்லை.

மாயெ கேரிக்கு (முன் உதை) ஒரு எச்சரிக்கை. உதைக்கு எதிராகக் கெடான் பராய் செய்யும்போது முட்டியை இறுக மூடியிருக்க வேண்டும். திறந்த விரல்களில் கால் பட்டால் விரல் மடங்கும், உடையவும் கூடும். முன்கையால் கணுக்கால் எலும்பின்மேல் ஓங்கி அடிக்காதீர்கள். கால் வரும் பாதையைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் போதும், அதற்குள் உடம்பு விலகியிருக்க வேண்டும். உதைத்த கால் தரையைத் தொடும் அந்த நொடியில் அவர் ஒற்றைக்காலில் பாதி, இரட்டைக்காலில் பாதி என்று இருப்பார். உங்கள் க்யாக்குசூக்கி போய்ச்சேர வேண்டிய நேரம் அதுதான். மவாஷி கேரியும் (சுழல் உதை) யோக்கோ கேரியும் (பக்க உதை) இதே வழியில் பிறகு வரும், அவசரமில்லை.

கட்டுப்பாடும் பாதுகாப்பும்

முழு வலிமையோடு போய் தோலுக்கு முன் நிற்பதை சுன்தோமே என்பார்கள். புதியவர்கள் முகத்துக்கு விடும் பதில் அடியை நாலு விரல் முன்னே நிறுத்துங்கள். வயிற்றில் சட்டையைத் தொடலாம், உள்ளே அழுத்த வேண்டாம். எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு நிறுத்துவதுதான் கட்டுப்பாடு. எட்டாத தூரத்தில் நின்று நிறுத்துவது வேறு விஷயம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உச்சத்தில் இருப்பவர்களுக்கும் இது எவ்வளவு கடினம் என்பதை டோக்கியோ ஒலிம்பிக்கில் உலகமே பார்த்தது. 2021 ஆகஸ்ட் 7 அன்று நிப்பான் புடோகானில் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களுக்கான இறுதிப் போட்டி. சவூதி அரேபியாவின் தாரிக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட உயர உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்சாதேயை நினைவிழந்து விழவைத்தது. அளவுக்கு மீறிய தாக்கம் என்று நடுவர்கள் ஹமேதியைத் தகுதி நீக்கினார்கள். தங்கம் கஞ்சாதேவுக்குப் போனது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பலருக்குப் பல கருத்து இருக்கலாம். நான் அதை மாணவர்களுக்குச் சொல்வது ஒரே காரணத்துக்காக: நிறுத்தத் தெரிவதும் கராத்தேயின் விதிகளுக்குள் ஒரு திறமையாகவே கணக்கிடப்படுகிறது.

பயிற்சிக்கு முன் கை, கால் நகங்களை வெட்டுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றிவையுங்கள். மெட்டியைக் கழற்ற முடியாது என்றால் டேப் சுற்றிக்கொள்ளலாம். வாய்க்கவசம் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள், முதல் சில நாட்கள் மூச்சு முட்டுவது போலிருக்கும், பிறகு மறந்துவிடும். மொட்டை மாடியிலோ சிமென்ட் தரையிலோ பழகுகிறீர்கள் என்றால் மணலைப் பெருக்கிவிட்டுத் தொடங்குங்கள். வெறுங்காலில் பின்னால் அடி வைக்கும்போது மணல் வழுக்கும். அடி பட்டுவிட்டால் உடனே நிறுத்தி, பார்ட்னர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். தலையில் பட்டு, தலைசுற்றலோ குமட்டலோ இருந்தால் அன்று பயிற்சியைத் தொடரக் கூடாது, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஜியூ இப்போனுக்குப் போகும்போது

அறிவித்த குத்துக்குப் பதறாமல் நிற்க முடிகிறது, பதில் அடி தோள் நீட்டாமல் எட்டுகிறது, தாக்கும்போது உங்கள் குத்து நேராகப் போகிறது. இந்த மூன்றும் வந்துவிட்டால் மாஸ்டரிடம் ஜியூ இப்போன் கேட்கலாம்.

முதலில் அதிர்ச்சியாக இருக்கும். இருவரும் நகர்வதால் அளந்துவைத்த தூரம் நொடிக்கு நொடி மாறும். தாக்குபவர் அறிவித்துவிட்டுக் கமாயேயில் சுற்றி வருவார், பாய்வதுபோல் பாவனை காட்டுவார். நீங்கள் பின்வாங்கிக்கொண்டே போகாதீர்கள். பின்வாங்கினால் அவர் கணக்குப்போட்ட தூரத்தைத் தொடர்ந்து அவருக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். அரை அடி உள்ளே, அரை அடி வெளியே என்று அவர் எல்லையின் ஓரத்தில் நில்லுங்கள். அவர் தன் தூரத்தைச் சரிசெய்யக் காலை மாற்றும் கணம் ஒன்று வரும். அந்த நேரத்தில் அவரால் தாக்கவும் முடியாது, தப்பவும் முடியாது. அதைக் கண்டுகொள்ளத் தொடங்கினீர்கள் என்றால் நேரத்தின் பாடம் உள்ளே இறங்கிவிட்டது.

நீங்கள் தாக்குபவராக இருக்கும்போதும் அதே கணத்தைத் தேடுங்கள். பார்ட்னர் மூச்சை உள்ளே இழுக்கும்போது, எடை இரண்டு காலிலும் ஒன்றாக இறங்கும்போது, பின்வாங்கும் பாதம் இன்னும் தரையைத் தொடாதபோது கிளம்புங்கள். ஒரே தாளத்தில் குதித்துக்கொண்டிருக்காதீர்கள். குதிப்பவர் மேலே இருக்கும் நேரத்தைக் கணிப்பது எதிராளிக்கு மிக எளிது.

ஒரே ஆளோடு மட்டும் பழக வேண்டாம். பழகிய பார்ட்னரின் தோள் அசைவு உங்களுக்கு மனப்பாடமாகிவிடும், அது பார்வை ஆகாது. உயரமானவர், குள்ளமானவர், இடது கைக்காரர், வயதில் பெரியவர், உங்களைவிட வேகமானவர் என்று மாற்றி மாற்றி நில்லுங்கள். ஒவ்வொரு புதிய பார்ட்னரோடும் முதல் ஓரிரண்டு குத்துகளை அந்த மெதுவான அளக்கும் பயிற்சிக்கே ஒதுக்குங்கள். பச்சை, பிரவுன் பெல்ட் அண்ணன்கள் அக்காக்கள்கூட வெட்கப்படாமல் இதைச் செய்வதைப் பார்ப்பீர்கள். சட்டையில் முட்டி தொடும் இடம் எங்கே என்று பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் வந்து, வணங்கி, "ஜோடான்" என்று சொல்லித் தொடங்குவார்கள்.